ராஜம் கடிதம் போட்டானா, சார்?

மாற்றுச் சான்றிதழ் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. எமிஸ் தளத்தில் மாணவனின் எண்ணைப் போட்டு, காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் அச்சாகி வந்துவிடும். தலைமையாசிரியர் கையொப்பமிட்டு முத்திரை வைப்பார். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டை நானும் எத்தனையோ முறை இழுத்திருக்கிறேன். ஒரு கோட்டைப் பற்றி மட்டும் எழுத வேண்டியிருக்கிறது.

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊரில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஏழாம் வகுப்பில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். பெயர் வேண்டாம். ஒருவன் நல்ல உயரம், இன்னொருவன் வகுப்பிலேயே குள்ளம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உயரப்படி நிற்க வைத்தால் இருவருக்கும் நடுவே இருபது பேர் நிற்பார்கள். கூட்டம் கலைந்த மறு நிமிடம் ஒன்றாக இருப்பார்கள். சத்துணவு வரிசையிலும் ஆற்றில் குளிக்கப் போவதிலும் சேர்ந்தேதான் போவார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் உயரமானவனின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். நான் கோடு இழுத்தேன்.

அதன்பிறகு குள்ளமானவன் வாரத்துக்கு ஒரு நாளாவது வராமல் இருக்கத் தொடங்கினான். வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் 19 மதிப்பெண். ஒரு நாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன்: "ஏம்ல, அவன் போனா என்ன? இந்த வகுப்புல வேற பையனே இல்லையா உனக்கு?" பையன்கள் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மே விடுமுறையில் ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' நாவலைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். ஒளிப்பானேன், பி.ஏ. படித்தபோது இந்த நாவலைக் கைடு வைத்துத்தான் படித்தேன். 'சுவாமியின் குணச்சித்திரம்' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதித் தேறியவன். இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய ஆங்கிலத்தில் ஒரு பகுதி எடுத்துக் கொடுக்கலாமே என்ற எண்ணத்தில்தான் எடுத்தேன். முதல் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே படித்தேன். மூன்றாம் நாள் இரவு கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டு விளக்கை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி, "என்ன, யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அப்படி இருந்திருக்கிறது என் முகம்.

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மால்குடி என்ற கற்பனை ஊர். சரயு என்ற ஆறு. ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் முதல் படிவம், அதாவது இன்றைய ஆறாம் வகுப்பு, படிக்கிறான் சுவாமிநாதன். நாவல் ஒரு திங்கட்கிழமைக் காலையில், வீட்டுப்பாடம் முடிக்காத பையனின் சலிப்போடு தொடங்குகிறது. அதிலேயே நமக்கு அவனைத் தெரிந்துவிடும். அவனுக்கு நான்கு நண்பர்கள். வகுப்புத் தலைவன் சோமு, எல்லாரும் பயப்படும் முரடன் மணி, முதல் மாணவன் சங்கர், 'பட்டாணி' என்று அழைக்கப்படும் குட்டிப் பையன் சாமுவேல். பிறகு சென்னையிலிருந்து ராஜம் வந்து சேர்கிறான். போலீஸ் அதிகாரியின் மகன். நல்ல உடை, நல்ல ஆங்கிலம். மணிக்கும் ராஜத்துக்கும் முதலில் பகை. துண்டுச் சீட்டில் சண்டை. ஆற்றங்கரைத் தோப்பில் ஒருவன் தடியோடும் ஒருவன் காற்றுத் துப்பாக்கியோடும் மோதுவதற்காகச் சந்திக்கிறார்கள். மோதவில்லை, சிநேகிதர்களாகத் திரும்புகிறார்கள். சுவாமி அந்த இருவரோடு ஒட்டிக்கொள்கிறான்.

பழைய நண்பர்கள் மூவருக்கும் அது பொறுக்கவில்லை. பேசுவதை நிறுத்துகிறார்கள். அவனுக்கு 'வால்' என்று பெயர் வைக்கிறார்கள், ராஜத்தின் வால். ஒரு நாள் அந்தச் சொல் கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. நம்மில் எவராக இருந்தாலும் வகுப்புக்குள் நுழைந்ததும் அதைத் துடைத்துவிட்டு, "யாருலே இதை எழுதினது?" என்று ஒரு அதட்டல் போட்டுப் பாடத்துக்குப் போயிருப்போம். அந்த ஒரு சொல்லால் ஒரு பையனுக்கு அன்றைய நாள் முழுக்க எப்படி இருண்டு போகிறது என்பதை நாராயண் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். பெரியவர்களுக்குச் சம்பளம் நின்றால் வரும் கலக்கத்துக்குக் குறைந்ததில்லை அது.

சாமுவேலைப் பற்றி நாராயண் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. சாமுவேலிடம் தனிச்சிறப்பு எதுவும் கிடையாது. படிப்பிலும் பலத்திலும் நடுத்தரம். பின் ஏன் அவன் சுவாமிக்கு நண்பன்? இருவருக்கும் ஒரே விஷயம் ஒரே நேரத்தில் சிரிப்பு மூட்டுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாத வேடிக்கை இவர்கள் இருவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அவ்வளவுதான். நான் என் வகுப்பில் 'குழு' பிரிக்கும்போது நன்றாகப் படிப்பவன் ஒருவன், சுமாராகப் படிப்பவன் ஒருவன் என்று கலந்து போடுகிறேன். அது தவறில்லை. ஆனால் யாரும் யாரோடும் சேர்ந்து சிரித்துவிடக் கூடாது என்பதற்காகவும் பல சமயம் இடம் மாற்றியிருக்கிறேன். அந்தக் குள்ளமானவனையும் உயரமானவனையும் மூன்று முறை பிரித்து உட்கார வைத்தவன் நான்தான்.

நாவலில் அரசியலும் வருகிறது. 1930 ஆகஸ்ட் 15ஆம் தேதி, கைதான ஒரு தொண்டருக்காக மால்குடி மக்கள் சரயு கரையில் கூடுகிறார்கள். சுவாமி உணர்ச்சிவசப்பட்டுத் தன் தொப்பியைக் கழற்றி நெருப்பில் போடுகிறான். மறுநாள் பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் உடைகின்றன. பிரம்படி விழும்போது பள்ளியை விட்டு ஓடுகிறான். போர்டு பள்ளியில் சேர்க்கிறார்கள். கூட்டத்தைத் தடியடி நடத்திக் கலைக்க உத்தரவிட்டவர் ராஜத்தின் அப்பா. சுவாமிக்கு அது தெரியும். அதை ஒரு மூலையில் போட்டுவிட்டு அவன் ராஜத்தோடு தொடர்ந்து சிநேகமாக இருக்கிறான். குழந்தைகள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சரி தப்பு என்று ஒரு வரிகூடச் சேர்க்காமல் நாராயண் நகர்ந்துவிடுகிறார். நம் ஊர்களில் அப்பாக்களின் பகை பிள்ளைகளின் கை மணிக்கட்டுக் கயிறு வரை வந்துவிடுகிறது. அதனால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

பிறகு கிரிக்கெட். மூன்று பேரும் சேர்ந்து எம்.சி.சி. என்று ஓர் அணி தொடங்குகிறார்கள்; மால்குடி கிரிக்கெட் கிளப். சுவாமி பந்துவீச்சாளன், 'டேட்' என்று பட்டப்பெயர். இன்னொரு அணியோடு பந்தயம் நிச்சயமாகிறது. ஆனால் சுவாமியால் பயிற்சிக்கு நேரத்துக்கு வர முடிவதில்லை. புதுப் பள்ளியில் மாலையில் டிரில் வகுப்பு. தலைமையாசிரியர் யாரையும் விடமாட்டார். ஆசிரியர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. அந்தத் தலைமையாசிரியர் கொடுமைக்காரர் இல்லை. உடற்பயிற்சி எல்லாருக்கும் வேண்டும் என்று நினைக்கிறார். நாமும் அதைத்தான் நினைப்போம். மாலை நேரச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம், ஒரு பையன் நெளிந்துகொண்டு நிற்கிறான், "வயித்து வலி சார்" என்கிறான். அது பொய் என்று நமக்குத் தெரியும். ஆற்று மணலில் ஓர் அணி அவனுக்காகக் காத்திருக்கிறது என்பது தெரியாது.

சுவாமி ஒரு டாக்டரிடம் போகிறான், சான்றிதழ் கேட்டு. டாக்டர் கேசவன் சிரித்துவிட்டு, உன் தலைமையாசிரியரிடம் நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். பையன் நம்பி டிரில்லுக்குப் போகாமல் பயிற்சிக்குப் போகிறான். டாக்டரோ எதுவும் சொல்லவில்லை. ஒரு பெரியவருக்கு மறந்து போகும் அளவுக்குச் சின்ன விஷயம். தலைமையாசிரியர் பிரம்பை எடுக்க, சுவாமி அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறான். வீட்டுக்கும் போக முடியாமல் ஊரை விட்டே நடக்கிறான், காட்டில் வழி தவறுகிறான், யாரோ கண்டெடுத்து ஒரு வன அதிகாரி மூலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதற்குள் பந்தயம் முடிந்து, எம்.சி.சி. தோற்றிருக்கிறது. ராஜம் பேசுவதை நிறுத்துகிறான்.

பத்து நாள் கழித்து மணி வந்து சொல்கிறான்: ராஜத்தின் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல்; நாளைக் காலை ரயில். சுவாமி தன்னிடமிருந்த ஆண்டர்சன் தேவதைக் கதைப் புத்தகத்தை எடுக்கிறான். முதல் பக்கத்தில் தன் மிகப் பிரியமான நண்பனுக்கு என்று எழுதுகிறான். இருட்டு விலகும் முன்பே ரயிலடிக்குப் போய் நிற்கிறான். ராஜத்தின் குடும்பம் வருகிறது. வழியனுப்ப ஒரே கூட்டம். சுவாமிக்கு நாக்கு எழவில்லை. ரயில் நகரும்போதுதான் புத்தகம் கையிலேயே இருப்பது நினைவுக்கு வருகிறது. மணி பெட்டியோடு ஓடி அதைக் கொடுக்கிறான். ராஜம் வாங்கிக்கொண்டு ஏதோ சொல்கிறான், சத்தத்தில் கேட்கவில்லை, கையசைக்கிறான். போய்விட்டது. அவன் எனக்குக் கடிதம் போடுவானா, என் முகவரி அவனுக்குத் தெரியாதே என்று சுவாமி மணியைக் கேட்கிறான். போடுவான் என்கிறான் மணி. அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா? மணியின் முகத்தைப் பார்க்கிறான் சுவாமி. அன்றுதான் முதல் முறையாக அந்த முகத்தை அவனால் படிக்க முடியவில்லை.

நாவல் அங்கே நின்றுவிடுகிறது. சமாதானம் ஆனதா என்று நமக்கும் தெரியாது. டோட்டோ-சானை நாமெல்லாம் படித்திருக்கிறோம். போலியோவால் கால் முடங்கிய யசுவாகியை மரத்தில் ஏற்றிவிடும் அந்தச் சிறுமியை மறக்க முடியாது. அங்கே அப்படிச் செய்ய அனுமதித்த ஒரு பள்ளியும் கோபயாஷி என்ற தலைமையாசிரியரும் இருந்தார்கள். சுவாமியின் கதையில் அந்தக் கடைசிக் காட்சியில் எந்த ஆசிரியரும் இல்லை. அவன் படித்த இரண்டு பள்ளிகளுக்கும் அப்படி ஒரு பிரிவு நடந்ததே தெரியாது. ராஜத்தின் பெயருக்கு நேரே யாரோ ஒருவர் கோடு இழுத்திருப்பார்.

எனக்கு 'வேற பையனே இல்லையா உனக்கு' என்று நான் கேட்டது ஞாபகம் வந்தது அப்போதுதான்.

இந்த நாவல் வெளிவந்ததே ஒரு நட்பின் கதை. நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். அப்பா மைசூரில் தலைமையாசிரியர். நம் தொழிலையும் அவர் முயன்று பார்த்தார். சில நாள் ஆசிரியராக இருந்துவிட்டு விட்டுவிட்டார். எழுதிய நாவலை இலண்டன் பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. மைசூரில் அண்டை வீட்டு நண்பர் கிட்டு பூர்ணா அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். கடைசியாகத் திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடு என்று அவருக்கு எழுதினார் நாராயண். பூர்ணா போடவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீனின் பரிந்துரையில் ஹேமிஷ் ஹாமில்டன் நிறுவனம் 1935இல் அதை வெளியிட்டது. கிரீனும் நாராயணும் அதன்பிறகு பல ஆண்டுகள் கடிதத்திலேயே பழகி, 1956இல்தான் முதன்முதலாக நேரில் சந்தித்தார்கள். ராஜம் போட்டிருக்க வேண்டிய கடிதங்களை இவர்கள் இருவரும் போட்டுக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு செய்தியும் உண்டு. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த நாராயண், அங்கே பள்ளிக் குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். முதுகு வளைந்து நடக்கும் பிள்ளைகளைப் பற்றி, அவர்களுக்கு விளையாடவும் கனவு காணவும் நேரம் இல்லாததைப் பற்றி. அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகத்தான் பேராசிரியர் யஷ்பால் குழு அமைந்து, 1993இல் 'சுமையின்றிக் கற்றல்' அறிக்கை வந்தது. பி.எட். தேர்வில் யஷ்பால் குழுவை நாம் எல்லாரும் எழுதியிருக்கிறோம். அதன் பின்னால் டிரில் வகுப்பிலிருந்து தப்பி ஓடிய ஒரு பையன் இருக்கிறான் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயர் எழுதிக் கொடுக்கும் அந்தக் காட்சி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இதைப் போல ஒன்றை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று யோசித்தபோது, கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' நினைவுக்கு வந்தது. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் அவர் வீட்டில்தான். அவர் புத்தகம் கொண்டுவந்து தருவார். சிலருக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற அமைதியான பையனுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் அழவோ, கேட்கவோ இல்லை. ஒரு நாள் வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டி, இதில் எழுதுங்கள் என்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான்: அன்போடு தனக்கு அளிக்கப்பட்டதாக எழுத வேண்டும்.

சுவாமி எழுதியது அவன் கொடுப்பதற்கு. சாரங்கனோ தனக்கு வராத அன்பைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்து மட்டும் கேட்கிறான். நம் வகுப்பில் நன்றாகப் பேசும் ஐந்தாறு பேரின் பெயர் நம் வாயில் தினமும் வரும். சாரங்கன்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். என் கணக்கில் அந்த வருடம் 34 பேரில் ஒன்பது பேரை நான் வாரத்தில் ஒரு முறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, வருகைப் பதிவு தவிர.

அழகிரிசாமி நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். இப்போது தூத்துக்குடி மாவட்டம். அதே ஊரில், அதே 1923 செப்டம்பரில், அவருக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவர் கி. ராஜநாராயணன். இருவரும் பால்யத் தோழர்கள். ஒருவர் சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் பத்திரிகை வேலைக்குப் போனார். இன்னொருவர் சம்சாரியாக ஊரோடு இருந்தார். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர். ஊரை விட்டுப் போனவர் ஊரிலிருந்தவருக்குக் கடிதம் எழுதினார், ஏராளமாக. கி.ரா. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். பின்னால் அவை புத்தகமாகவே வந்தன. அழகிரிசாமி 1970இல், ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அந்த ஆண்டின் சாகித்ய அகாதமி விருது 'அன்பளிப்பு' தொகுப்புக்கு, அவர் மறைவுக்குப் பிறகு கிடைத்தது. கி.ரா.வுக்கு அதே விருது 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு. ஒரே ஊர், ஒரே வயது, இரண்டு பேருக்கும் ஒரே விருது. இதை எட்டாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அந்த ஊர்ல தண்ணி அப்படியா சார்?" என்று கேட்டாள். கரிசல் காட்டில் ஏது தண்ணீர், நமக்குத்தான் தாமிரபரணி என்றேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் நூலகப் பாடவேளையில் சுவாமியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். படித்துக் காட்டவில்லை. தமிழில், வாரம் ஒரு பாடவேளை, விட்ட இடத்திலிருந்து. சொல்ல நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம்: கேள்வி கேட்காதீர்கள். முதல் வாரம் பழக்கதோஷத்தில், "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். வகுப்பு அப்படியே பாடப் புத்தக முகத்துக்கு மாறிவிட்டது. "நண்பர்களோடு சண்டை போடக் கூடாது சார்." அடுத்த வாரத்திலிருந்து சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். அப்போதுதான் பேச்சு வந்தது. கரும்பலகையில் 'வால்' என்று எழுதியது யார் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். சோமுதான் என்று ஒரு கட்சி. பட்டாணி, அவன்தான் பேசாமல் இருந்து செய்வான் என்று இன்னொன்று. டாக்டர் மேல் எல்லாருக்கும் கோபம். ஒரு பையன், "சொல்றேன்னு சொல்லிட்டுச் சொல்லலன்னா அவரு எதுக்கு டாக்டரு?" என்றான். டிரில் நடத்திய தலைமையாசிரியரைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது அவர் வேலை என்று விட்டுவிட்டார்கள். அது எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

கடைசி வாரம் ரயிலடிக் காட்சியைச் சொல்லி நிறுத்தினேன். வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து குள்ளமானவன்தான் கேட்டான்:

"ராஜம் கடிதம் போட்டானா, சார்?"

"தெரியலயேப்பா. கதை அதோட முடிஞ்சுட்டு."

"போட்டிருக்க மாட்டாம் சார்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அட்ரசு தெரியாதுல்லா?"

இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, திருப்பூர்க்காரன் எங்கே இருக்கிறான் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. "போறப்போ சொல்லவே இல்ல சார். நான் அன்னைக்கு பேசாம இருந்தேன்." கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஏதோ சண்டை. என்ன சண்டை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பது மாதம் அதைச் சுமந்துகொண்டு அவன் என் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் 19 மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எமிஸ் எண் இருந்தது. தலைமையாசிரியரிடம் சொன்னேன், எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறான் என்று பார்த்துச் சொன்னார். "இதுக்கெல்லாம் எமிஸ் பயன்படும்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்று சிரித்தார். ஐம்பது காசு அஞ்சலட்டை பத்து வாங்கி வந்தேன். வகுப்பில் ஒருவருக்கும் முகவரி எங்கே எழுதுவது, அஞ்சல் குறியீட்டு எண் எத்தனை இலக்கம் என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்பு வரை கடிதம் எழுதும் பயிற்சி கொடுக்கிறோம். எல்லாமே நோட்டில், உறைமேல் முகவரி என்று ஒரு கட்டம் போட்டு. எவருக்கும் போய்ச் சேராத கடிதங்கள். அன்றைக்குத்தான் உண்மையான ஒரு கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். வகுப்பை விட்டுப் போன வேறு மூன்று பிள்ளைகளுக்கும் எழுதினார்கள். அவன் எழுதியதை நான் படிக்கவில்லை. அஞ்சலட்டைதானே, தபால்காரர் படித்திருப்பார்.

இப்போது எங்கள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம், பிள்ளையை ஒரு பாடவேளை வகுப்பில் விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பேச்சு, பாராட்டு என்று எதுவும் வைப்பதில்லை. அவரவர் சொல்லிக்கொள்ள வேண்டியதைச் சொல்லிக்கொள்ளட்டும். பெற்றோர் பஸ்ஸைக் காரணம் காட்டி மறுப்பதும் உண்டு. போகும் பிள்ளையின் புது முகவரியை, தெரிந்த அளவுக்கு, ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம்.

பதில் மூன்று வாரம் கழித்து, பள்ளி முகவரிக்கு வந்தது. நட்பு, பிரிவு, மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. அங்கே கிரவுண்ட் கிடையாதாம், ரோட்டில்தான் விளையாடுகிறார்களாம். சத்துணவுக் கூடத்துக் கூரைமேல் விழுந்த தன் ரப்பர் பந்து இன்னும் அங்கேயே கிடக்கிறதா என்று கேட்டிருந்தான். குள்ளமானவன் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தான். பிறகு, "சார், ஏணி இருக்கா?" என்றான்.

அவனை ஏறவிடாமல் நான்தான் ஏறினேன். கூரையின் ஓரத்தில், புளிய இலைச் சருகுக்குள் கிடந்தது. ஒரு பக்கம் வெயிலில் வெடித்திருந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, திருப்பூருக்குப் பார்சல் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேட்டான். தபால் ஆபீசில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகும் வழியில் டாக்டர் கேசவன் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலமே போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.